வலிக்கிற இடத்தில் ஒட்டவும்

ஆம்பூர்
23.6.2024, ஞாயிறு

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அம்மா, தம்பி ஹேமந்த், கூண்டில் இருக்கிற ஆறு கோழிகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் இரண்டு கால்களும் சௌக்கியமா? கால்களைத் தனியாக விசாரிக்கிறேன் என்று கோபிக்காதே. அந்த விளையாட்டு விடுதியில் உன்னைச் சேர்த்துக்கொண்டது கால்களைப் பார்த்துத்தான். அப்பனைப் பார்த்திருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கள் விடுதியில் போனை வாங்கிப் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும், அதுவும் வார்டன் மேஜைக்கு முன்னால் நின்று பேச விடுகிறார்கள். அந்தப் பத்தில் ஒன்பதரை நிமிஷம் உன் அம்மாவுக்கு. எனக்குக் கிடைக்கிற அரை நிமிஷத்தில் நீ "நல்லா இருக்கேன்பா" என்கிறாய், நான் "நல்லா ஓடு" என்கிறேன், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதற்கு முன் நான் எழுதிய ஒரே கடிதம் கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவுக்கு எழுதியது. அதில் ஆறு எழுத்துப் பிழை என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

உன் பெட்டி மூடியின் உள்பக்கம் நான் ஒட்டிய தாளைத் தினமும் படிக்கிறாயா? மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன்.

வலிக்குது என்று சொல்லாதே, வலி எல்லாருக்கும் உண்டு.
அழுதால் தண்ணீர்தான் நஷ்டம்.
உலகத்தில் யாரும் உனக்காக நிற்க மாட்டார்கள்.
சாக்கு சொல்கிறவன் சாக்குப் பையைத்தான் சுமப்பான்.
இரண்டாவதாக வருவதும் கடைசியாக வருவதும் ஒன்றுதான்.

இதில் மூன்று வரி, என் போனுக்கு வந்த வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொன்னது. இரண்டு என் சொந்தத் தயாரிப்பு. சாக்கு என்னுடையது என்று உனக்கே தெரிந்திருக்கும். இதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா, "நகச்சுத்தி வந்ததுக்கு மூணு நாள் லீவு போட்ட ஆளு, பொண்ணுக்கு சட்டம் போடுது பாரு" என்றாள். அவளை விடு.

பதில் எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. என் கண்ணாடி பழசு.

அப்பா சாமிநாதன்


விடுதி
7.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது.

நானும் கால்களும் நலம். வீட்டில் அனைவரும் நலமா? அம்மாவின் இருமல் விட்டதா?

ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். ஆறிலிருந்து எட்டரை வரை மைதானம். பிறகு பள்ளி. மாலையில் மறுபடி மைதானம். என் அறையில் இன்னும் இரண்டு பேர். சானியா மேல்விஷாரத்துப் பெண், ஈட்டி எறிகிறாள், தூக்கத்தில் குறட்டை விடுகிறாள். சஹர் பேரணாம்பட்டு. நானூறு மீட்டர். ஆள் இத்தனூண்டு, வேகம் அத்தனை.

பெட்டிகளைச் சோதிக்க வந்த கோச் சார் உங்கள் தாளைப் பார்த்துவிட்டு நின்றார். "யார் எழுதினது?" என்றார். "எங்கப்பா சார்" என்றேன். இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் கடைசியில் மாநிலப் போட்டி. எண்ணூறு மீட்டருக்கு என் பெயரும் இருக்கிறது.

அன்புடன்,
எழிலு


ஆம்பூர்
14.7.2024

என் செல்ல எழிலுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் இருமல் போய்விட்டது, பதிலுக்கு எனக்கு வந்திருக்கிறது. வீட்டில் ஒரு பொருள் வீணாவதில்லை.

கோச் சார் போட்டோ எடுத்த விஷயத்தை உன் அம்மாவிடம் மூன்று முறை படித்துக்காட்டினேன். நான்காவது முறை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த வாரம் பாக்டரியில் ஒரு பேஜார். என் வேலை உனக்குத் தெரியும். ஷூ டப்பாவுக்குள் போகும் முன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ரிப்பேர் டேபிளில் அம்பைப் பார்த்துச் சரிசெய்வார்கள். புதிதாக வந்த ஒரு பெண், தையல் விட்டுப்போன ஷூவை அம்பு ஒட்டாமலே தள்ளிவிட்டாள். கேட்டால், "அண்ணா, இன்னிக்கு ஏற்கெனவே ஜாஸ்தி ஒட்டிட்டேன், திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் கேன்டீன்காரர் வெளியே வந்துவிட்டார். "அம்பு ஒட்டினா நான் ஏம்மா திட்டப் போறேன்? மறைச்சாதான் திட்டுவேன். நீ இங்க மறைச்சா அது கப்பல் ஏறிப் போயி, எவன் கால்லயோ பிரிஞ்சி, கண்டெய்னரே திரும்பி வரும்!" என்றேன். அந்தப் பெண் அழுதது. பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன். உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள்.

நீ தைரியமாக ஓடு. இப்படி எந்தப் புலம்பலும் இல்லாமல் கடிதம் எழுதுகிற பிள்ளையைப் பெற்றதற்குக் கடவுளுக்கு நன்றி.

அப்பா


விடுதி
4.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமலுக்குச் சுடுதண்ணீர் குடிக்கவும்.

ஒரு செய்தி. சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் பெரிய பிளெக்ஸ் போர்டு கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஐந்து வரிகளும் அதில் இருக்கின்றன. ஓரத்தில் ஒரு சிங்கம். கீழே "சாமிநாதன், ஆம்பூர் (எழிலரசியின் தந்தை)" என்று உங்கள் பெயர். என் இடம் அதற்கு நேர் எதிரே. தினமும் மூன்று வேளையும் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

நேற்று சஹருக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. கோச் சாரிடம் சொல்லப் போகிறேன் என்று தட்டோடு எழுந்தாள். எழுந்தவள் போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். மாலையில் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வேறு விசேஷம் இல்லை.

எழிலரசி


ஆம்பூர்
11.8.2024

என் தங்கமே,

நாங்கள் எல்லோரும் நலம். நான் மட்டும் நலத்துக்கும் மேலே, தரையில் கால் படாமல் இருக்கிறேன்.

பிளெக்ஸ் போர்டா! சிங்கமா! பத்தாங்கிளாஸில் கணக்கில் முப்பத்தாறு வாங்கிய சாமிநாதன் பெயர் சுவரில்! செக்கிங் டேபிள் முழுக்கச் சொன்னேன், எல்லோருக்கும் பன்னும் டீயும். சோல் ஒட்டுகிற செக்‌ஷனில் இருக்கிற ரஃபி அகமது மாமாவைத் தெரியுமே, அவர், "இன்னா சாமி, இனிமே மைக் புடிச்சிப் பேசப் போயிடுவியா? எங்களையெல்லாம் கண்டுக்குவியா?" என்றார். "டைம் இருந்தா பாக்கலாம் பாய்" என்றேன்.

போர்டில் இடம் இருந்தால் ஆறாவதாக ஒன்று சேர்க்கச் சொல்: ஓய்வு என்பது தோற்றவர்களின் சொத்து. உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் கொறட்ட விடறவரு சொல்றாரு, எழுதிக்குங்க" என்றாள்.

சஹர் நல்ல பிள்ளை. என் வாழ்த்தைச் சொல்.

போன கடிதத்தைவிட உன்னுடைய இந்தக் கடிதம் சின்னதாக இருந்தது. பரவாயில்லை, ஓடுகிற பிள்ளைக்கு எழுத ஏது நேரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அரை நிமிஷத்தில் உன் குரல் கொஞ்சம் கம்மியாகக் கேட்டது. வார்டன் பக்கத்தில் இருந்ததாலா?

அப்பா


விடுதி
8.9.2024

அப்பாவுக்கு,

நலம்.

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. சானியாவின் அண்ணன் ஷோயப் அவளைப் பார்க்க வந்திருக்கிறார். என் ஓட்டக் காலணியை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சோல் விட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. அவசரம் இல்லை, பழைய ஜோடி இருக்கிறது.

பாருங்கள் அப்பா. நன்றாகப் பாருங்கள்.

எழிலரசி


ஆம்பூர்
11.9.2024, புதன்

எழிலு,

நலம் விசாரித்து எழுதுகிற முறையெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை ஷோயப் தம்பி ஷூவை பாக்டரி கேட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பையைப் பிரித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வலது ஷூவின் குதிப்பக்கம் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது. இடது ஷூவில் குதி புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் முனை மட்டும் உரசி உரசி நார்நாராகி இருக்கிறது. ஒரே ஜோடி, ஒரே நாளில் வாங்கியது. சோல் கெட்டியாக இருக்கட்டும் என்று அப்போதே ரஃபி மாமா மறுபடி ஒட்டிக் கொடுத்தது. நேராக அவர் செக்‌ஷனுக்குப் போனேன்.

"பாய், இன்னா ஒட்டு ஒட்டியிருக்கே? ரெண்டு கால்லயும் ரெண்டு விதமா தேயுது!"

அவர் ஷூவை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சாமி, இருவத்திரண்டு வருஷமா செக்கிங்ல இருக்கே. இது ஒட்டு கொறையா?"

"பின்னே?"

"ஷூல ஒரு கொறையும் இல்லப்பா. பொண்ணு எடது கால ஊனவே மாட்டேங்குது. முனையால தொட்டுத் தொட்டு ஓடுது. பாரமெல்லாம் வலது கால்ல வாங்குது. அதுக்கு எங்கியோ வலிக்குது. உன்கிட்ட சொல்லலியா?"

"சொல்லலை" என்றேன். ரஃபி மாமா வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் போர்டுக்காக நான் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. அந்த மனிதருக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இத்துடன் இரண்டு வெள்ளைத் தாளும் பன்னிரண்டு சிவப்பு அம்புகளும் வைத்திருக்கிறேன். ஷூ அளவு எடுப்பது மாதிரி தாள்மேல் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடு. எங்கே வலிக்கிறதோ அங்கே அம்பு ஒட்டு. ஒன்றும் எழுத வேண்டாம், ஒட்டினால் போதும். வலி ஜாஸ்தி என்றால் இரண்டு ஒட்டு. பன்னிரண்டு போதவில்லை என்றால் சொல், என் மேஜையில் ரோல் ரோலாக இருக்கிறது.

பெட்டி மூடியில் இருக்கிற தாளைப் பார்க்காதே. அதை எழுதியவனுக்கு அன்றைக்குப் புத்தி சரியில்லை.

உடனே அனுப்பு.

அப்பா


விடுதி
13.9.2024

அப்பா,

தாளில் பாதத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. வலி பாதத்தில் இல்லை. அதனால் இரண்டு தாளையும் பசை போட்டு நீட்டி ஒட்டி, தரையில் உட்கார்ந்து இடது காலை முழங்கால் வரைக்கும் வைத்தேன். சானியா கோடு போட்டாள். கோணலாக வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டும் தேவைப்படவில்லை. ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே, நடு எலும்பில், கொஞ்சம் உள்பக்கமாக.

ஐந்து வாரமாக. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது. இப்போது படுத்திருக்கும்போதும் இருக்கிறது.

எழுத நினைத்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். புலம்பாத பிள்ளை என்று நீங்கள் நன்றி சொல்லியிருந்தீர்கள். அதற்கப்புறம் எப்படி எழுதுவது? அதனால் ஷூவை அனுப்பினேன். நான் எழுதுவதை நீங்கள் நம்பவில்லை என்றாலும், ஷூவைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

மீதி அம்புகளில் ஒன்றை சஹர் கேட்டு வாங்கித் தன் குதிகாலில் ஒட்டிக்கொண்டாள். காலையில் எண்ணினேன். இன்னும் இரண்டு குறைகிறது. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

எழிலு


ஆம்பூர்
24.11.2024, ஞாயிறு

என் அன்பு எழிலுக்கு,

நீ திரும்ப விடுதிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. அங்கே சௌக்கியமா? டாக்டரம்மா சொன்னபடி மெதுவோட்டம் இருபது நிமிஷத்தோடு நிறுத்துகிறாயா? இங்கே நாங்கள் சௌக்கியம். இரண்டு மாதம் வீட்டில் நீ இருந்து பழகியதால், ஹேமந்த் இன்னும் உன் தட்டையும் எடுத்துவைக்கிறான்.

நீ வீட்டில் இருந்தபோது பேசாததை இப்போது எழுதுகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி கம்மி.

செப்டம்பர் 16 அன்று உன் தாள் வந்தது. அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் விடுதிக்கு வந்தேன். நீ உன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் ரூமில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோச் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்க வார்த்தைதான் சார் எங்க பசங்களுக்கு டானிக்" என்றார். நான் உன் கால் படத்தை மேஜைமேல் விரித்தேன். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஒரு நாளும் என்கிட்ட சொல்லலியே சார்."

"எப்பிடி சார் சொல்லும்? சோத்துத் தட்டுக்கு நேரா அப்பன் பேரு போட்டு, சொல்லாதேன்னு எழுதி வெச்சிருக்கு. நான் அந்தப் போர்டக் கழட்டிக்கிறேன் சார்."

"அதுக்காக கழட்டணுமா சார்? கண்டிப்பு இல்லேன்னா பசங்க எங்க சார் ஓடும்?"

"எனக்கு ஓட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். பஸ்ஸுக்கு ஓடினாலே பத்து அடியில மூச்சு வாங்கும். ஆனா கொற பாக்கறது என் தொழிலு. எங்க டேபிள்ல ஒரு ஷூ தையல் விட்டுப்போயும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னா, ஆகா, இன்னா தைரியமான ஷூன்னு சொல்லி டப்பால போட மாட்டோம் சார். அப்பிடிப் போட்டவன வேலைய விட்டு அனுப்பிடுவோம்."

அவர் குனிந்து தன் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். நீளமாக ஒரு ஆபரேஷன் தழும்பு. "நானும் சொல்லாம ஓடினவன்தான் சார். இருவத்தொரு வயசுல முடிஞ்சிபோச்சு" என்றார். யாரிடமோ கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, என் கையில் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கூடத்தில் நான் ஸ்டூல்மேல் ஏறி நைலான் கயிற்றை வெட்டியதை நீயும் பார்த்தாய். எல்லாப் பிள்ளைகளும் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் தன் பெயரைத் தானே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிய ஆள் நானாகத்தான் இருப்பேன். சஹர் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாளே, அவளுக்கு நன்றி. இல்லையென்றால் எனக்கும் ஒரு அம்பு தேவைப்பட்டிருக்கும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்து, "மயிரிழை மாதிரி விரிசல். இன்னும் ரெண்டு வாரம் ஓடியிருந்தா ரெண்டா போயிருக்கும்" என்றபோது உன் அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். "எழிலு தப்பிச்சா. உன்னையும் மன்னிச்சிட்டேன். கோழிக்கூண்டு ஒழுவுது, அந்தப் போர்ட எடுத்து மேல போடு" என்றாள். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படிப் போட்டிருக்கிறேன். இப்போது கோழிகள்தான் படிக்கின்றன. ஒன்றும் முன்னைவிட அதிகமாக முட்டை போடக் காணோம்.

மாநிலப் போட்டி போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம். நீ அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பதை நான் கற்றுக்கொடுத்தேன், நீ முதல் மார்க்கில் பாஸ் செய்துவிட்டாய்.

என் அப்பா என்னிடம் இப்படித்தான் பேசினார். கல் சுமந்து வளர்ந்த மனுஷர், வேறு பேச்சு தெரியாது. நான் பிழைத்து நின்றுவிட்டேன், அதனால் அந்தப் பேச்சுதான் என்னை நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், எனக்கு நகச்சுத்தி வந்தபோது விரலுக்குச் சூடான அரிசிமாவு கட்டியது உன் அம்மா. பாக்டரியில் மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது ரஃபி பாய். யாரும் உனக்காக நிற்க மாட்டார்கள் என்று எழுதிய நான், ஒரு நாளும் தனியாக நின்றதில்லை.

எழிலு, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் எனக்குக் குறைகள் வேண்டும். எவ்வளவு இருந்தாலும் சரி. எனக்கு அந்த வேலைதான் தெரியும்.

நன்றியுடன்,
அப்பா


விடுதி
8.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள், அம்மா, ஹேமந்த், படித்த கோழிகள் அனைவரும் நலமா? நான் நலம் என்று எழுதப்போவதில்லை. கேட்டீர்கள், எழுதுகிறேன்.

சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. குளியலறையில் நல்ல வாளி ஒன்றுதான், அதற்காக நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும். சானியாவின் குறட்டை இப்போது பக்கத்து அறைக்கும் கேட்கிறது. அவளிடம் சொன்னால், "நான் எங்க விடறேன், நீதான் கனவு காண்றே" என்கிறாள். கணக்கு டீச்சர் ஓட்டப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எங்களைப் பார்ப்பதே இல்லை. மாநிலப் போட்டியில் என் இடத்தில் ஓடிய பெண் மூன்றாவது வந்தாள். அவளுடைய நேரத்தைவிட என் நேரம் இரண்டு விநாடி கம்மி. அந்த மெடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் இருந்தபோது அந்தச் செய்தி கேட்டும் எரிந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதேன். தண்ணீர் நஷ்டம் ஒன்றும் ஆகவில்லை, குழாய் திறந்துதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சும்மா இரு என்று நீங்கள் இனி எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். எனக்கு ஓடப் பிடிக்கும். கடைசி இருநூறு மீட்டரில் நெஞ்சு எரியும், வாய் உலரும், கால் கல்லாகிவிடும். அது எனக்கு வேண்டும். மூச்சு வாங்குவது வேறு, எலும்பு குத்துவது வேறு. உங்கள் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தது. அதுதான் அதில் தப்பு.

புதன்கிழமை ஒன்று நடந்தது. ஓட்டத்துக்கு முன் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது சஹர் நின்றுவிட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், வலிக்குது" என்றாள். கோச் சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"எங்கே?" என்றார்.

அவ்வளவுதான் அப்பா. குனிந்து பார்த்தார். அவளை உட்காரவைத்தார். அதற்குள் வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். "இத்தன பேரா?" என்று தலையைச் சொறிந்தார். ஆனால் மூவரிடமும் போய்க் கேட்டார்.

இனி கடைசிக் குறை. இது உங்களைப் பற்றியது. எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

ஏழாம் வகுப்பில் வாணியம்பாடியில் ஒரு போட்டி. நான் நான்காவதாக வந்தேன். மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீங்கள் முன்னால் நடந்தீர்கள். நான் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வெயில். நீங்கள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போதுகூட. நான் பின்னால் வருகிறேனா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கால் எலும்பு இப்போது வலிக்கவில்லை. இது வலிக்கிறது.

எழிலு


ஆம்பூர்
12.12.2024

என் மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம். உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். வாளி வரைக்கும் சிரித்தாள். நீ குளியலறையில் அழுத இடம் வந்ததும் முந்தானையை எடுத்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தை என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. அவளே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

வாணியம்பாடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூட்டத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்க பொண்ணா? பரவால்ல, நாலாவது" என்றார். அந்தப் 'பரவால்ல'வை என்னால் தாங்க முடியவில்லை. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் காட்டினேன். இது நடந்ததற்குக் காரணம், அவ்வளவுதான். நியாயம் என்று சொல்ல மாட்டேன். நீ பின்னால் வருகிறாயா என்று எனக்குத் தெரியாது எழிலு. பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

இதை இத்தனை வருஷம் நீ ஒருத்தியே வைத்திருந்தாய். என்னிடம் கொடுத்ததற்கு நன்றி. எனக்கு இதுவரை வந்த கடிதங்களிலேயே இதுதான் நல்ல கடிதம். பிழையும் ஒன்றுகூட இல்லை.

கணக்கு டீச்சரைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்று விசாரிக்கிறேன். வாளி ஒன்று வாங்கியாகிவிட்டது, நீல நிறம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வெளியே போக வார்டனிடம் அனுமதி வாங்கி வை. உங்கள் மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஆட்டோ வேண்டாம், நடக்கலாம். டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்கிறார். வேகத்தை நீ வை. நான் இடது பக்கம் வரட்டுமா, வலது பக்கம் வரட்டுமா என்று மட்டும் சொல்.

அப்பா